என் நெஞ்சுக்குள் ஓடிய திருட்டு லைன்

காரமடை ரோட்டில், ஆடு மேய்க்கவே லாயக்கில்லாத கல்லாங்காட்டில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரி கட்டினேன். அங்கே கரண்டு வராது என்றார்கள். வந்தது. ஐந்தாவது படித்தவன் வார்த்த பம்பில் தண்ணீர் ஏறாது என்று ஒரு இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். அவருடைய மாமனார் தோட்டத்தில் அந்தப் பம்புதான் இன்றைக்கும் ஓடுகிறது. மாமனார் நின்றுவிட்டார், பம்பு நிற்கவில்லை. அன்னூர்ப் பக்கம், போர் போட்ட இடத்திலெல்லாம் புழுதியை மட்டும் வாரிக் கொடுத்த ஒரு பூமிக்கு, ஐந்து மைலுக்கு அப்பாலிருந்த கிணற்றிலிருந்து பைப் இழுத்துத் தண்ணீர் கொண்டுபோனேன். வழியில் பதினேழு பேருடைய காட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அதில் பதினாறு பேர் எனக்குப் பங்காளிகள், அதாவது எதிரிகள். மூன்று மாடியில் வீடு கட்டினேன். மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். படித்து முடித்தவனுக்கு வேலை தெரியவில்லை, அதையும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஊருக்குத் தெரியாத கட்டுமானம் ஒன்று உண்டு. என் வலது நுரையீரலின் மேல்முனைக்கு ஆண்டவன் போட்ட ரத்த லைன் போதாதென்று, இன்னொரு லைன் போட்டிருந்தேன். பிளான் கிடையாது, அனுமதி கிடையாது. போட்டது எனக்கே தெரியாது.

போன வருஷம் ஐப்பசியில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஒரு இருமல் வந்தது. வாஷ்பேசினில் சிவப்பாக ஏதோ விழுந்தது. பற்பசை வெள்ளை என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை, ரத்தம்தான். சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாமல் நோயைச் சொல்லிவிட்டாள்.

“நேத்து ஒறம்பரை ஊட்டு விருந்துல கோழியை அந்த வாங்கு வாங்குனீங்களல்லொ, சூடு ஏறிக்கிச்சுங்க.”

எங்கள் பக்கத்தில் எந்த நோய்க்கும் முதல் பெயர் சூடுதான். தலைவலி சூடு, கண்ணெரிச்சல் சூடு, மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதுவும் சூடு. மூன்று நாள் இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம் என்று சிகிச்சை நடந்தது. குடித்த இளநீரின் கணக்குக்கு ஒரு தோப்பே என் பெயரில் மொட்டையாகியிருக்க வேண்டும். நான்காம் நாள் காலை, அந்தச் சூடு ஒரு சொம்பு அளவுக்கு வெளியே வந்தது. வந்த வேகத்தில் மூச்சு முட்டியது. இளநீரை நிறுத்திவிட்டுக் காரை எடுத்தார்கள்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயரெல்லாம் வேண்டாம், கார் நிறுத்த இடம் கிடைக்காத ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லிவைக்கிறேன், கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்ததும் ஒரு இளம் டாக்டர் வந்து படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பீடி சிகரெட் உண்டா. எதுவும் இல்லை, இல்லை, இல்லை. “டி.பி. வந்திருக்குதுங்களா?”

அந்த நேரத்தில் அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லவேண்டும். என் சம்சாரம், மகன், பேத்தி. அத்தோடு, பேத்திக்குப் பேசிக்கொண்டிருந்த அன்னூர் மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன், கையில் ஒரு பை சாத்துக்குடியோடு. இன்னும் இருபது நாளில் நிச்சயம். அவர் சாத்துக்குடியைக் கீழே வைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வம்சத்துலயே கெடையாதுங்க” என்றேன். சொன்ன கம்பீரத்தில் இருமல்கூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டது.

பொய். இருபத்துநாலு வயதில் எனக்கு டி.பி. வந்தது. அப்போது நான் வேறொருவர் பவுண்டரியில் அச்சுக்கு மண் பிசைகிற ஆள். அந்தக் காலத்தில் ‘அவன் பெருந்துறைக்குப் போயிருக்கிறான்’ என்று ஒருத்தன் காதில் விழுந்தால் போதும். பெருந்துறையில் அதற்கென்று ஆஸ்பத்திரி இருந்ததால், அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள், கொடுத்த தம்ளரைத் திரும்ப வாங்கமாட்டார்கள். ஆகவே என் அப்பன், மகன் கொடுமுடியில் ஆற்றுத் தண்ணீருக்கு பைப் லைன் போடும் வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஊரில் சொல்லிவைத்தார். பதினோரு மாதம் நான் பெருந்துறையில் ஊசி போட்டுக்கொண்டு, பாலும் முட்டையும் தின்றுகொண்டு, கொடுமுடியில் பைப் லைன் போட்டேன். திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் உப்பியிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார், “கொடுமுடித் தண்ணி மாப்பிள்ளைக்கு ஒத்துக்கிட்டிருக்குது” என்று சந்தோஷப்பட்டுப் பெண்ணைக் கொடுத்தார்.

நோய் போய்விட்டது. பொய் குடும்பத்தோடு தங்கிவிட்டது.

அன்று மாலை ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் ஒரு லேடி டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அத்தா இரும்புப் பெட்டிகளுக்குப் பூட்டு ரிப்பேர் செய்கிறவராம். மகளுக்கும் அதே கைராசி. கத்தி வைக்காமல், ரத்தக் குழாய்க்குள்ளே மெல்லிய ஒயரை விட்டு, உள்ளேயே போய் வேலை பார்த்துவிட்டு வருகிற டாக்டர் அவர்.

“ஐயா, நுரையீரலுக்கு ரெண்டு ரத்த லைன் இருக்குதுங்க” என்று ஆரம்பித்தார்.

“எதுக்குங்க அம்மணி ரெண்டு? ஒடம்புல இருக்கற ரத்தம் மொத்தமும் அது வழியாத்தான போகுது? போறதுல நாலு சொட்டு எடுத்துக்கிட்டா ஆகாதா?”

“அது காத்து வாங்கப் போற ரத்தமுங்க. போற வழியில காத்துப் பைகளை நனைச்சுட்டுப் போயிரும். ஆனா மூச்சுக்குழாய்ச் சுவருக்குன்னு சோறு போடறது வேற. முதுகெலும்பை ஒட்டிப் பெரிய தமனி ஒண்ணு இறங்குது. மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியற ஒசரத்துல, அதுல இருந்து நூலு மாதிரி ரெண்டு மூணு குழாய் கிளம்பும். இடது பக்கம் பெரும்பாலும் ரெண்டு. வலது பக்கம் ஒண்ணு, அதுவும் விலா எலும்புக்குப் போற குழாயோட கூட்டுக்குடித்தனமாக் கிளம்பும். ஆளுக்கு ஆள் மாறுமுங்க.”

மெஸ் நடத்துகிறவன் தன் சோற்றைப் பக்கத்து மெஸ்ஸிலிருந்து வரவழைக்கிற மாதிரி இருந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் ஆயில் இன்ஜின் பம்ப்செட்டும் அதே கதைதானே. தோட்டத்துக்குப் போகிற தண்ணீர் மொத்தமும் அந்தப் பம்பு வழியாகத்தான் போகிறது. இருந்தாலும் டெலிவரி பைப்பிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாயைப் பிரித்து, இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டால்தான் அது சூடாகாமல் ஓடும். அந்தச் சின்னக் குழாய் அடைத்தால் பெரிய இன்ஜின் ஜாம். இதைச் சொன்னதும் டாக்டர் கண்ணை அகல விரித்து, “அதேதாங்க ஐயா!” என்றார். மறுநாள் வராந்தாவில் இரண்டு பயிற்சி டாக்டர்களிடம் ஆயில் இன்ஜினை வைத்து அவர் பாடம் நடத்துவது என் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. போச்சாது, போகட்டும் என்று அதை நான் விட்டுவிட்டேன். விட்டுக்கொடுத்தது என் பெருந்தன்மை.

“சின்னக் குழாய்னா சின்னத் தொந்தரவுதானுங்களே?” என்று என் சம்சாரம் கேட்டாள்.

“இல்லைங்கம்மா. நுரையீரலுக்குப் போற பெரிய லைன் வாய்க்கால் மாதிரி. தண்ணி நிறைய, அழுத்தம் கம்மி. இது பெரிய தமனியில இருந்து நேரா வர்றதால அழுத்தம் ஜாஸ்தி. நாள்பட்ட புண்ணோ தழும்போ இருந்தா, அந்த எடத்துக்கு ரத்தம் வேணும் வேணும்னு இது பருத்து, புழு மாதிரி நெளிஞ்சு, கடைசியில மூச்சுக்குழாய்க்குள்ள வெடிக்கும். இருமல்ல இப்படிக் கொட்டறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த லைன்தான் காரணம்.” கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சொன்னார்: “ரத்தம் வீணாப் போகுதேன்னு நாங்க பயப்படறதில்லைங்க. அது மூச்சுக்குழாயில ரொம்பி மூச்சு நின்னுரும். அதுக்குத்தான் பயம்.”

ஆக, ஒரு நூல் குழாய். அது இன்னொரு முறை பெரிதாகத் திறந்தால், நான் என் ரத்தத்திலேயே முழுகிப் போவேன். பவானி ஆற்றில் நீந்தினவனுக்கு இப்படி ஒரு சாவு.

சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். பவுண்டரிக்காரன் மார்பு எப்படி இருக்கும்? இரும்பை உருக்கி ஊற்றும்போது தெறித்த தழும்பு அங்கங்கே பொட்டுப் பொட்டாக இருந்தது. வலது காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே இருந்த ஒன்றைத் தொட்டு, “இது?” என்றார்.

“இரும்புங்க.”

“உள்ளே தழும்பு எதனாலன்னு தெரியலைங்களே. டி.பி. இல்லைன்னு எழுதியிருக்குது.”

“நாப்பது வருஷமா மண்ணு தின்னுருக்கறேனுங்க. பவுண்டரி மண்ணு.”

அது பாதி நிஜம். பாதி நிஜம் சொல்லுகிறவனுக்கு முழுப் பொய் சொல்லுகிறவனைவிட தைரியம் அதிகம். சளியில் இப்போது டி.பி. கிருமி இல்லை என்று பரிசோதனையும் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார்.

கையெழுத்து வாங்கும்போது இன்னொரு குண்டைப் போட்டார். வலது பக்கக் குழாய் கிளம்புகிற அதே இடத்திலிருந்து, சிலருக்குத் தண்டுவடத்துக்கும் ஒரு மயிரிழைக் குழாய் போகுமாம். அடைக்கிற மருந்துத் தூளில் ஒரு பொடி வழிதவறி அதற்குள் போனால், இரண்டு காலும் விளங்காது.

“போகாதுன்னு எப்படீங்க தெரியும்?”

“மொதல்ல சாயம் விட்டுப் படம் பார்ப்பேன். கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு தெரிஞ்சா அங்கேயே நிறுத்திருவேன். நடுவுல நடுவுல கால் விரலை ஆட்டச் சொல்லுவேன், ஆட்டுங்க.”

தொடை மடிப்பில் ஊசி போட்டு, ஒயரை விட்டார். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் என் நெஞ்சு கருப்பு வெள்ளையில் தெரிந்தது. வலது பக்கக் குழாய், டாக்டர் சொன்னபடியே, பருத்து நெளிந்து, வெயிலில் காயும் சாரைப் பாம்பு மாதிரி கிடந்தது. ரவையைவிடப் பொடியான ஏதோ தூளை விட்டு அடைத்தார். “விரலை ஆட்டுங்க ஐயா.” ஆட்டினேன். “இன்னொருக்கா.” ஆட்டினேன். எழுபது வருஷத்தில் என் கால் விரலுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

இருமலில் ரத்தம் நின்றது. வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்த ஒறம்பரைக்கெல்லாம் நெஞ்சுக்குள் வால்வு மூடிய கதையைச் சொன்னேன். ஐந்து நாள் கதை சொன்னேன். ஆறாவது நாள் காலை, இட்லி தின்றுகொண்டிருந்தபோது மறுபடியும் ஒரு தம்ளர்.

இந்த முறை நெஞ்சை வெட்டுகிற டாக்டர் ஒருவரும் வந்து பார்த்தார். நுரையீரலின் மேல்பாகத்தை எடுத்துவிடலாம் என்றார். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். பம்பு வார்த்தவன் ஊதின ஊது பம்பு போலவே இல்லை. அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “இந்த மூச்சுக்கு ஆபரேஷன் தாங்கறது சந்தேகமுங்க” என்று சொல்லிவிட்டு, சந்தேகத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கோட்டைமேட்டு டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஸ்கேன் பார்த்தாராம். அவர் அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கிறது.

“அம்மணி, இதுல நான் ஒண்ணு சொல்லோணும்” என்றேன். “நீங்க மூடுன லைன் மூடியே இருக்குது. காட்டுல தண்ணி இன்னும் நிக்குது. அப்ப வேற லைன்ல இருந்து எவனோ நடுவுல தொளைச்சு டேப் போட்டு இழுத்திருக்கறான். அன்னூர்க் காட்டுல என்ற பைப்புல இப்படித்தான் ராவோட ராவா டேப் போடுவானுங்க. மெயின் வால்வையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னா திருடன் சிக்கமாட்டான்.”

“எனக்கும் அதே சந்தேகம்தானுங்க ஐயா. ஆனா எங்கே இருந்து? கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் எத்தனை குழாய் இருக்குது! ஒவ்வொண்ணுலயும் சாயம் விட்டுத் தேடினா உங்க கிட்னி போயிரும். நுரையீரலோட மேல்தோல் நெஞ்சுக்கூட்டோட ஒட்டிக்கிட்டா, கூட்டுக்குப் போற குழாய் அந்த ஒட்டு வழியா உள்ளே பூந்துரும். ஸ்கேன்ல மூணு எடத்துல தடிப்பாத் தெரியுது. எதுன்னு தெரியோணும். எப்பவாச்சும் நெஞ்சுல நீர் எடுத்தாங்களா? ஓட்டை போட்டாங்களா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. இந்த ஒருக்கா சரியாப் போய்ச் சேரலைன்னா, அடுத்த ரத்தம் எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது.”

அறையில் சம்சாரமும் பேத்தியும் இருந்தார்கள். நிச்சயத்துக்கு இன்னும் பத்து நாள்.

“நீங்க ரெண்டு பேரும் செத்த வெளிய இருங்க” என்றேன்.

பேத்தி எழுந்து கதவருகே போய் நின்றாள். சம்சாரம் எழவில்லை. “நாப்பத்தஞ்சு வருஷமா உங்க இருமலைக் கேக்கறவ நானு. எனக்குத் தெரியாம அதுக்குள்ள என்னங்க இருக்குது?”

இருமல் வந்தது. கைக்குட்டையில் சிவப்பு. அதை மடித்து வைத்துவிட்டு, காறை எலும்புக்குக் கீழே இருந்த தழும்பில் விரலை வைத்தேன்.

“இது இரும்பில்லைங்க அம்மணி.”

சொன்னேன். பெருந்துறையில் நுரையீரலில் காற்று கசிந்து, அது நெஞ்சுக்குள் சுருங்கிப் போனதை. இந்த இடத்தில் துளை போட்டு, ரப்பர் குழாய் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் முக்கி வைத்ததை. பாட்டிலில் பதினெட்டு நாள் குமிழி வந்ததை. குழாய் வைத்த இடத்தில் சீழ் பிடித்து, ஆற ஒரு மாதம் ஆனதை. பவுண்டரிக்குத் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அதன் பக்கத்தில் இரும்பு தெறித்தது. தழும்புக்கு ஒரு துணை கிடைத்தது, நான் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “முன்பக்கம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓட்டமாக வெளியே போனார்.

அறையில் நாங்கள் மூன்று பேர். சம்சாரம் டி.பி.யைப் பற்றிக் கேட்பாள், என்னை நம்ப வைத்தீர்களே என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்ப கொடுமுடியில நீங்க வேலையே பாக்கலீங்களா?”

“இல்ல.”

“வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அங்க போயி, ‘என்ற ஊட்டுக்காரருக்கு மொதச் சோறு போட்ட ஆத்தா’ன்னு ஆத்துல முழுகித் தேங்கா ஒடைச்சனே. அது யாருக்குங்க ஒடைச்சேன்?”

காவிரி அத்தனை தேங்காயையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லியிருந்தால் ரத்தக் குழாய்க்கு வேலை இருந்திருக்காது, அவளே முடித்திருப்பாள்.

“ஒரு வருஷம் காய்ச்சலோட முழுகுனேன்” என்றாள். “அப்பக்கூட வாயைத் தொறக்கலீங்களே. நல்லாக் கல்லு மனசு உங்களுக்கு.”

பேத்தி என்னை அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். “அப்பாரு, இதை எதுக்கு இத்தனை நாள் மறைச்சீங்க?” என்றாள்.

“உன்ற கல்யாணத்துக்குத்தான் கண்ணு.”

“எனக்கு இருவத்தஞ்சு வயசுங்க. நீங்க மறைக்க ஆரம்பிச்சது நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால.”

கணக்கில் கெட்டிக்காரி. என் வம்சம்.

அவள் அங்கேயே போனை எடுத்து அன்னூர்ப் பையனுக்குப் பேசினாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தாய்மாமன் மூலமாகப் பதில் வந்தது: பெண்ணுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து அனுப்பினால் தேவலை. நான் கொதித்துப் போனேன். பேத்தி சிரித்துவிட்டு, “எடுக்கறேனுங்க, அவுங்களும் அன்னைக்கே ஒண்ணு எடுத்து அனுப்பட்டும்” என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு எக்ஸ்ரேவும் ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. இரண்டும் சுத்தம். ஜாதகப் பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட அத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

அதெல்லாம் பிறகு. மறுநாள் காலை என்னை மறுபடி அந்த மேஜையில் படுக்கவைத்தார்கள். இந்த முறை மணிக்கட்டு வழியாக ஒயர் போனது. தோளுக்குக் கீழே, கைக்குப் போகிற பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, நெஞ்செலும்பின் பின்னால், ஓரமாகவே இறங்குகிறது. மார்புக்கூட்டின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொடுக்கிற லைன் அது. நுரையீரலுக்கும் அதற்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் கிடையாது. டாக்டர் அதில் சாயம் விட்டார். திரையில் அது இறங்கியது, இறங்கியது, பேனா வட்டம் போட்ட இடத்துக்கு நேராக வந்ததும் பக்கவாட்டில் நூறு வேர் விட்டு, பழைய ஒட்டு வழியாக நுரையீரலுக்குள் புகுந்து நின்றது.

டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து சொன்னார்: “டேப் கெடைச்சிருச்சுங்க ஐயா.”

அடைத்தார். நான் யாரும் கேட்காமலே விரலை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் போய், ஆடியும் வந்துவிட்டது. இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. மறுபடி வரலாம், ஒரேயடியாகப் போய்விட்டது என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் என் பம்புக்கு அப்படியெல்லாம் உத்தரவாதம் கொடுத்ததில்லை, எனவே மனஸ்தாபம் கிடையாது. ஆடிப் பதினெட்டுக்குச் சம்சாரம் இந்த வருஷமும் கொடுமுடிக்குப் புறப்பட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் என் கேஸைப் பேசப்போகிறாராம். என் படத்தைக் காட்ட என் சம்மதம் வேண்டுமாம். அதற்கு ஒரு படிவம். என் நெஞ்சு, என் சாரைப் பாம்பு, என் வேர்கள், எல்லாம் அம்புக்குறி போட்டு அழகாக இருந்தன. இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் பேத்தி படித்துத் தமிழில் சொன்னாள்.

“எழுபது வயது ஆண். முதல் அடைப்புக்குப் பின் மீண்டும் ரத்தம். மறு விசாரணையில் பழைய காசநோயும், நெஞ்சில் குழாய் வைத்ததும் தெரிய வந்தன.”

“தெரிய வந்துச்சா?” என்றேன். “தானா நடந்து வந்துச்சுங்களா? பஸ்ஸுல வந்துச்சா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்படித்தான் எழுதுவாங்க ஐயா.”

“மறு விசாரணைன்னு போட்டிருக்குதே. போலீஸ் விசாரணையா? நீங்க கேட்டது நெசம். ஆனா சொன்னது யாரு? டேப் போட்டிருப்பான்னு மொதல்ல சொன்னது யாரு? அதையெல்லாம் எங்க போட்டிருக்குது?”

“நோயாளி பேரைப் போடக்கூடாதுங்க. ரகசியம் காக்கோணும், அது சட்டம். யாருன்னே தெரியாத மாதிரிதான் எழுதோணும்.”

“ரகசியத்தை நாந்தான் நாப்பத்தஞ்சு வருஷம் காத்தேனுங்களே அம்மணி. அது என்னைக் காக்கலீங்களே.”

வாஸ்தவம்தான் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்றார். நல்லது. பேர் வேண்டாம். ஊர் வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம், மார்பு மட்டும் போதும். ஆனால் டாக்டர் பெருமக்கள் எல்லாரும் கூடியிருக்கிற இடத்தில் அந்த வரியை மட்டும் திருத்தியே ஆகவேண்டும். ‘தெரிய வந்தது’ என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ரத்தம் வேறொரு லைனிலிருந்து வருகிறது என்று நோயாளியும் சொன்னார், துளை போட்ட இடத்தை, தன் சம்சாரமும் பேத்தியும் பார்த்துக்கொண்டிருக்க, தன் விரலை வைத்து அவரே காட்டினார். முதல் தடவை கேட்டபோது அவர் பொய் சொன்னார், அதனால்தான் முதல் வேலை பாதியில் நின்றது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதுவும் என் பங்குதான், அதையும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

படிவம் என் மேஜைமேல் இருக்கிறது. அந்த வரி ஸ்லைடில் ஏறட்டும், கையெழுத்துப் போட்டு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.